முழுப்பேர்

தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துத் தொடங்கப் போகிறது என்ற பேச்சு லயத்து வரிசை வீடுகளில் அடிபட ஆரம்பித்ததிலிருந்து இராக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய இளைய மகன் சடையப்பனுக்கு இந்த வருஷம் முழுப்பேர் போடப் போகிறார்கள்.

நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த மூங்கிலாத்துத் தோட்டத்தில், மற்றத் தோட்டங்களைப் போலவே, ஒருநாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. புல் பிடுங்குகிற, வெட்டிப்போட்ட கிளைச் சிம்பு அள்ளுகிற பிள்ளைகளுக்கு அரைப்பேர், பாதிக் கூலி. பையனின் தோளில் வலு ஏறி, தேயிலைச் செடியைக் கட்டை பிளக்காமல் ஒரே வீச்சில் வெட்டிவிடுகிறான் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டால், மறுநாள் காலை ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டில் அவன் முழுப்பேர்க்காரன். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்திருப்பாள்.

ஆனால் முழுப்பேரோடு இன்னொன்றும் கூடவே வந்தது. கவ்வாத்து மழைக்காலத்து வேலை. நனைந்து நடுங்குகிற ஆட்களுக்காக, அவர்களை மேய்க்கும் பெரிய கங்காணி மலைக்கே ஒரு பீப்பாய் சாராயத்தை ஏற்றிவிடுவார். முழுப்பேர்க்காரர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு சிரட்டை வாங்கிக் குடிப்பார்கள். அரைப்பேர்ப் பையன்கள் தள்ளி நின்று எச்சில் விழுங்குவார்கள். புதிதாக முழுப்பேர் வாங்கியவனுக்குத்தான் முதல் சிரட்டை. முகம் சுளிக்காமல் குடித்துவிட்டால் மலையே கைதட்டும்.

மூத்தவன் அழகையாவுக்கும் அப்படித்தான் கைதட்டினார்கள். அன்றைக்கு அவனுக்குப் பதினைந்து வயது. கவ்வாத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று தொரையே சொன்னாராம். அடுத்த வருஷம் மழை இல்லாத நாளிலும் அவனுக்குக் குளிரத் தொடங்கியது. தோட்டத்துக்குக் கீழே ரோட்டு முக்கில் இருந்த சாராயத் தவறணையில் குளிருக்கு மருந்து எப்போதும் கிடைத்தது. இப்போது அவனுக்கு இருபது வயது. காலையில் கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடிப்பான், அப்படியும் பாதி சிந்தும். கத்தியைப் பறித்துக்கொண்டு அவனைச் சிம்பு அள்ள விட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாக, அரைப்பேருக்கு.

இராக்கம்மா முதலில் போனது பெரிய கங்காணியிடம். பெரட்டு கலைந்து எல்லோரும் மலைக்குக் கிளம்பிய பிறகு, கூடையை முதுகில் மாட்டியபடியே அவர் முன்னால் போய் நின்றாள்.

“கங்காணி ஐயா, சின்னவனுக்கு முழுப்பேர் போடுங்க. ஆனா அந்தச் சாராயத்த மட்டும் ஊத்தாதீங்க.”

“குளிருக்கு மருந்து ஆத்தா அது. நடுங்குறவனுக்கு ஒரு செரட்டை குடுத்தா மரம் மாதிரி நிப்பான்.”

“மூத்தவன் மரம் மாதிரியா நிக்கிறான்?”

கங்காணி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருக்கும். “எல்லாப் பயலும்தான் குடிச்சான். எல்லாவனுமா கெட்டுப் போனான்? ஒன் மகன் ஒடம்பு அப்படி. அதுக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லு” என்று நிதானமாகக் கேட்டார்.

மலையேறி, பாதி நிரை கொழுந்து எடுத்த பிறகுதான் அவளுக்குப் பதில் வந்தது. எவன் உடம்பு எப்படி என்று குடிப்பதற்கு முன்னால் எவனுக்குத் தெரியும்? தெரிய வரும்போது பிள்ளை கையைவிட்டுப் போயிருக்கிறானே! இதை அவர் முகத்தில் கேட்டிருக்க வேண்டும். தேயிலைச் செடியிடம் சொல்லி என்ன பயன்? ஆத்திரத்தில் முற்றிய இலையையும் சேர்த்துப் பிய்த்துப் போட்டாள். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது அதற்கும் பேச்சு வாங்கினாள்.

புருஷன் மாடசாமியிடம் சொன்னாள். அவன் நல்லவன். அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். சனிக்கிழமை மட்டும் குடித்துவிட்டு வந்து ஓரமாகப் படுத்துக்கொள்வான்.

“நான் குடிக்கலயா புள்ள? விழுந்தா கெடக்கேன்?”

“ஏய்யா, நீ விழல. நீ குடிச்சும் நல்லா இருக்கியேன்னுதான் பெரியவன் குடிச்சான். இப்ப சின்னவனும் ஒன்னத்தானே பாக்குறான்?”

மாடசாமி யோசித்தான். யோசிக்கிறான் என்று அவள் நம்பிக் காத்திருந்தாள். “அவனுக்கு மட்டும் ஊத்தலன்னா, இன்னும் ஆம்பளையாகலன்னு பயலுக சிரிப்பானுகளே” என்றான் கடைசியில்.

அதற்கு மேல் அவனோடு பேசி வாயை வலிக்க வைக்க அவள் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு நடந்தாள். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்குப் போக நடைதான். கடைவீதியில் பலீல் முதலாளியின் புடவைக் கடை இருந்தது. தீபாவளிக்குத் தோட்டமே அவரிடம்தான் துணி எடுக்கும். அவர் ஊரிலிருந்த மதுவிலக்குச் சங்கத்தில் ஒரு அங்கத்தவர் என்று இராக்கம்மா கேள்விப்பட்டிருந்தாள். துணி எதுவும் எடுக்காமல் அவள் பேசியதை அவர் கடைசிவரை கேட்டார். நடுவில் வந்த இரண்டு பேரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

“தங்கச்சி, நான் சங்கத்துல பேசுறன். நல்லாப் பேசுற ஒரு பிரக்கிராசியார் இருக்கார். அவரையே தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டு வாறன், இன்ஷா அல்லாஹ். வாலிபப் புள்ளையளுக்கு விளங்கப்படுத்தினா விளங்கும்.”

திரும்பி வரும்போது காலில் வலியே தெரியவில்லை. வழக்காடுகிறவர், படித்தவர், ஊரே மதிக்கிற மனிதர் வந்து சொன்னால் கங்காணி கேட்டுத்தானே ஆக வேண்டும்?

பலீல் முதலாளி சொன்னபடி செய்தார். இரண்டு வாரம் கழித்து வண்டி வந்தது. பள்ளிக்கூடக் கொட்டகைக்கு முன்னால் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பையன்கள் எல்லாரும் முன்னால் உட்கார வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு போட்டவர் பெரிய கங்காணி. மேசைக்குப் பின்னால் நடு நாற்காலியில், சரிகைத் தலைப்பாகையோடு, கூட்டத்துக்குத் தலைவராக அவரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் “இவரா தலைவரு?” என்றாள் இராக்கம்மா.

“தோட்டத்துல கூட்டம் போட்டா அவருதானே தலைமை” என்றாள் பக்கத்தில் இருந்த ரெங்கம்மா. அடுத்த காம்பராவில் குடியிருப்பவள். அவள் மகன் குருவனும் இந்த வருஷம் முழுப்பேர் வாங்கப் போகிறவன்தான்.

பிரக்கிராசியார் எழுந்து பேசினார். குரல் கணீரென்று இருந்தது. “மதுவென்னும் அரக்கன் மானிடர்தம் குலத்தைக் கருவறுக்க வந்துள்ளான்” என்றார். பையன்கள் அரக்கனைத் தேடித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிவப்பு மையில் பெரிதாக வரைந்த ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். குடித்தவனுடைய ஈரலாம் அது. “ஆட்டு ஈரல் மாதிரியே இருக்குடா” என்று ஒருவன் கிசுகிசுக்க, “மொளகு போட்டு வறுத்தா நல்லாருக்கும்” என்று இன்னொருவன் சொல்ல, முன்வரிசை குலுங்கியது. கிசுகிசுத்தவன் சடையப்பன்தான் என்று இராக்கம்மாவுக்குத் தெரிந்தது. எழுந்து போய் நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

பிறகு எல்லாரும் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள். பின்னால் நின்ற அழகையாவும் கையைத் தூக்கினான். அந்தக் கை காற்றில் நின்று ஆடியது. அதைப் பார்க்க மாட்டாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசியில் தலைவர் எழுந்தார். “ஐயா சொன்னது அம்புட்டும் சத்தியம். சின்னப் பிள்ளைக குடிக்கவே கூடாது. இந்தத் தோட்டத்துல அரைப்பேர்க்காரன் ஒருத்தனுக்காவது நான் ஒரு சொட்டு குடுத்திருப்பேனா? யாராச்சும் சொல்லுங்க பாப்போம்.”

பிரக்கிராசியார் கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

இராக்கம்மா எழுந்து நின்றாள். என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முழுப்பேர் போட்ட மறுநிமிஷம் பதினைந்து வயசுப் பிள்ளைக்கு முப்பது வயசாகிவிடுமா என்று கேட்க வேண்டும். ஆனால் இத்தனை ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் அவள் பேசியதே இல்லை. வந்தது ஒரு கத்தல்தான்.

“நீதானேய்யா ஊத்துற! நீதானே ஊத்துற!”

யாரோ சிரித்தார்கள். மாடசாமி தலையைக் குனிந்துகொண்டான். பிரக்கிராசியார் சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, “அம்மையாரின் துயரம் விளங்குகிறது. ஆயினும் இது பொதுக்கூட்டம்” என்றார். கங்காணி பெருந்தன்மையோடு சிரித்து, “மூத்த மகன் கெட்டுப்போனதுல மனசு ஒடைஞ்சிருக்கு, பாவம். ஒக்காரு ஆத்தா” என்றார். அவள் உட்காரவில்லை. லயத்துக்கு நடந்து போய்விட்டாள்.

மறுநாள் பெரட்டில் அவள் பெயரை உச்சி மலைக்குப் போட்டார்கள். செங்குத்தான மலை, அட்டைக் காடு, கொழுந்தும் குறைவு. யாரும் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பையன்களிடம் மட்டும் ஒரு மாற்றம் தெரிந்தது. கூட்டத்துக்கு முன்பு சாராயம் என்பது மழை நாளில் கிடைக்கும் ஒரு சிரட்டை. இப்போது அது பட்டணத்து ஐயா வண்டி கட்டிக்கொண்டு வந்து எச்சரிக்கிற பெரிய சமாசாரமாகிவிட்டது. ஓடைக்கரையில் வெற்றுச் சிரட்டையை வைத்து ஒருவருக்கொருவர் ஊற்றி, “மதுவரக்கா வா” என்று சொல்லிக் குடித்து விளையாடினார்கள். அதைப் பார்த்த அன்று தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இராக்கம்மா அழுதாள். துக்கம் பாதி, எரிச்சல் பாதி. நானே போய் அழைத்து வந்தேனே!

அடுத்த ஞாயிறு பலீல் முதலாளி தனியாக வந்தார். லயத்து வாசலில் நின்றபடியே பேசினார்.

“மன்னிச்சிக்க தங்கச்சி. அவரைத் தலைவராப் போடுவாங்கண்டு நான் நினைக்கல்ல.”

“இப்ப நெனைக்கிறீங்கதானே? வந்து அவருகிட்டச் சொல்லுங்களேன் முதலாளி. நீங்க சொன்னா மதிப்பாரு.”

“இந்தத் தோட்டத்த நம்பித்தான் என்ட கடை ஓடுது. கங்காணியோட முறைச்சிக்கிட்டு என்னால ஏலாது. உள்ளதச் செல்றன். குளிருக்குத்தான் குடிக்கிறாங்கண்டா, சூடா வேற ஏதாச்சும் குடுத்துப் பாரு.” வண்டியிலிருந்து ஒரு சாக்கை இறக்கி வைத்தார். உள்ளே கொத்தமல்லியும் காய்ந்த இஞ்சியும் இருந்தன.

இராக்கம்மாவுக்கு அந்தச் சாக்கை அவர் தலையிலேயே கொட்டலாம் போலிருந்தது. பீப்பாய்க்கு எதிராகக் கொத்தமல்லியா? ஒரு வார்த்தை கேட்கத் தைரியமில்லாதவர்கள்தான் எல்லாம் சுமந்துகொண்டு வருகிறார்கள். சாக்கைக் காம்பராவின் மூலைக்கு உதைத்துத் தள்ளினாள். கவ்வாத்துத் தொடங்கும் வரை அது அங்கேயே கிடந்தது.

சடையப்பனுக்கு முழுப்பேர் போட்ட அன்று விடியும்போதே மழை. பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். குருவனும் இன்னும் சில பையன்களும் கூட நடந்தார்கள். இராக்கம்மா அன்றைக்குக் கொழுந்துக்குப் போகவில்லை. அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் மல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தாள். வாசனை பிடித்து ரெங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

“இதக் குடிச்சா சாராயத்த விட்ருவானுகளாக்கும்?”

“மாட்டானுக. நீ வர்றியா, இல்லியா?”

ரெங்கம்மாவும் வந்தாள். இரண்டு பேரும் சட்டியைச் சாக்கால் சுற்றி, மாற்றி மாற்றித் தலையில் வைத்துக்கொண்டு வழுக்குப் பாதையில் ஏறினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பீப்பாயைத் திறந்திருந்தார்கள். வெட்டிய செடிகள் மலை முழுக்கக் கட்டையாய் நின்றன. சடையப்பன் வரிசையில் முதல் ஆளாய் நின்றான். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது, உதடு நீலம் பாரித்திருந்தது. இராக்கம்மா ஒரு குவளையில் ஊற்றி அவன் முன்னால் நீட்டினாள். ஆவி பறந்தது.

“இதக் குடிய்யா. சூடா இருக்கு.”

ஆட்கள் சிரித்தார்கள். “சடையனுக்கு இன்னும் பால்குடி மறக்கல!” என்றான் ஒருவன்.

சடையப்பன் முகம் சுருங்கியது. “ஆத்தா, போ. எல்லாரு முன்னாடியும் மானத்த வாங்காத.” குவளையைத் தட்டிவிடவில்லை, விலக்கினான். அது அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது. கங்காணியின் ஆள் ஊற்றிய சிரட்டையை வாங்கி, அவளைப் பார்த்தபடியே குடித்தான். முகம் சுளித்துவிட்டது. ஆனாலும் கைதட்டினார்கள்.

இராக்கம்மா குவளையோடு நின்றாள். இத்தனை நாள் நடந்ததும், கெஞ்சியதும், கத்தியதும் இந்த ஒரு மடக்குக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அப்போதுதான் அழகையா சிம்புக் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தான். தம்பியின் கையிலிருந்த கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கினான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவன் ஒரு செடியின் முன்னால் போய் நின்று, கிளையைப் பிடித்து வீசினான். கத்தி விலகிப் பட்டையைச் சீவிக்கொண்டு போனது. மறுபடி வீசினான். கட்டை பிளந்தது. மூன்றாவது வீச்சு அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இறங்க, பையன்கள் பதறிப் பின்வாங்கினார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் அழகையாவின் பழைய வெட்டு நினைவிருந்தது.

“எனக்கும் முத செரட்டைக்குக் கைதட்டுனாங்கடா” என்றான் தம்பியிடம். மூச்சு வாங்கியது. “வேணாம்னு சொல்ல எனக்குத் தெரியல. சொன்னா சிரிப்பாங்கன்னு பயந்தேன். இப்பயும் சிரிக்கத்தானே செய்றாங்க?”

கத்தியைக் கீழே போட்டான். போட்ட கையோடு அவன் கண் பீப்பாயின் பக்கம் போனதை இராக்கம்மா பார்த்தாள். தாயாகப் பார்த்தாள், வேறு யாரும் கவனித்தார்களோ என்னவோ.

“சரி சரி, மழை வலுக்குறதுக்குள்ள வேலயப் பாருங்க” என்றார் கங்காணி.

வரிசையில் அடுத்து நின்ற குருவன் சிரட்டையை வாங்கவில்லை. தரையைப் பார்த்தபடி, “எனக்கு வேணாங்க” என்றான். குரல் கேட்கவேயில்லை, இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நேரே இராக்கம்மாவிடம் வந்து நின்றான். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. ரெங்கம்மாதான் அவள் கையிலிருந்த குவளையை வாங்கி மகனுக்குக் கொடுத்தாள். அவனுக்குப் பின்னால் இன்னும் ஒரு பையன் வந்தான். மற்றவர்கள் சிரட்டையைத்தான் வாங்கினார்கள்.

அந்தச் சனிக்கிழமை அழகையா தவறணையிலிருந்து இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்தான். இராக்கம்மா அவன் கால்களைக் கழுவிப் படுக்க வைத்தாள். மாடசாமி அன்றைக்குக் குடிக்கவில்லை. இதைக் கண்டுகொள்வாள், ஏதாவது சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் கண்டுகொண்டாள். அடுத்த சனிக்கிழமை என்ன செய்வான் என்று தெரியாததால் எதுவும் சொல்லவில்லை.

கவ்வாத்து முடியும்வரை இரண்டு பெண்களும் சட்டியை மலைக்கு ஏற்றினார்கள். ஒருநாள் இவள், ஒருநாள் அவள், கொழுந்துக்குப் போகாமல் பேர் இழந்து. பீப்பாயும் ஏறியது. கங்காணி அவர்களைத் தடுக்கவில்லை. “நல்ல காரியந்தானே” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் இராக்கம்மா பல்லைக் கடித்தாள். குவளைக்கு வருகிற பையன்கள் ஒரு நாள் ஐந்து பேராக இருப்பார்கள், மறுநாள் இரண்டாகக் குறைவார்கள். சடையப்பன் சில நாள் முதலில் அவளிடம் குடிப்பான். பிறகு வரிசையில் போய் நின்று அதையும் குடிப்பான். சில நாள் வரிசைக்குப் போக மாட்டான். எந்த நாள் எப்படி என்று அவளால் சொல்ல முடியவில்லை. கேட்டால், “நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்பான்.

குருவன் மட்டும் முதல் நாளுக்குப் பிறகு பீப்பாய்ப் பக்கம் போகவேயில்லை. கடைசி நாள் குவளையை நீட்டிக்கொண்டு, “அத்தை, ஒரே ஒறைப்பா இருக்கு. நாளைக்காச்சும் கொஞ்சம் கருப்பட்டி போடக் கூடாதா?” என்றான்.

“நாளைக்கிக் கவ்வாத்து இல்லடா, முடிஞ்சுது” என்றாள் இராக்கம்மா. “அடுத்த வருஷம் வா. கருப்பட்டி போடுறேன்.”

எரிச்சலோடுதான் சொன்னாள். அவள் கண் அவனைத் தாண்டி, பீப்பாயைச் சுற்றி நின்ற கூட்டத்தில் சடையப்பனின் தலையைத் தேடிக்கொண்டிருந்தது.